நூற்றாண்டு கண்ட அறிஞர் சங்கங்களின் விதிகள் உண்மையில் எப்படி மாறுகின்றன?

கேள்வி கேட்டவர் ஒரு பழைய அறிஞர் சங்கத்தின் தொடக்ககால விதிகளையும் அதே சங்கத்தின் இன்றைய பைலாவையும் (சங்கம் தனக்கு வகுத்துக்கொண்ட துணைவிதிகள்) பக்கத்தில் வைத்துப் படித்திருக்கிறார். சில வரிகள் எழுத்துகூட மாறாமல் நிற்கின்றன, சில அடையாளமே தெரியாமல் போயிருக்கின்றன. யார் மாற்றினார்கள், எந்த அதிகாரத்தில் மாற்றினார்கள், நிறுவியவர்கள் எழுதியதில் பின்னால் வந்தவர்கள் கைவைக்கலாமா, இரண்டு பிரதிகளும் முரண்பட்டால் எது செல்லும் என்பது அவர் கேட்டது. அதற்குள் இன்னொரு கேள்வியும் இருப்பதாக எனக்குப் படுகிறது: விதிப்புத்தகத்தில் இருப்பதுதான் அந்தச் சங்கம் நடந்த விதமா? இதற்கான பதில் பெரும்பாலும் 'இல்லை'. அங்கிருந்து தொடங்கினால் முதல் கேள்விக்கும் வழி கிடைக்கும்.

சங்கங்களின் பழைய கூட்டக் குறிப்பேடுகளைப் படித்து ஒழுங்குபடுத்துவதும், விதித்திருத்தக் குழுக்களுக்கு வரைவு எழுதித் தருவதும் பல வருடங்களாக என் வேலையின் ஒரு பகுதி. நான் வழக்கறிஞன் இல்லை. எனக்குப் பழக்கமானவை பதினேழாம் நூற்றாண்டு முதல் ஐரோப்பாவில் எழுந்த சங்கங்களும், அந்த அச்சில் வேறு இடங்களில் தோன்றியவையும்தான். கீழே சொல்வதை அந்த எல்லைக்குள் வைத்துப் படியுங்கள்.

முதலில், 'விதிகள்' என்று நாம் ஒரே மூச்சில் சொல்வது ஒரே பொருள் அல்ல. அரச ஆணையில் பிறந்த சங்கமாக இருந்தால் உச்சியில் சாசனம் இருக்கும். பதிவுச் சட்டத்தில் பிறந்திருந்தால் அந்த இடத்தில் நோக்கக் குறிப்பாணை, அதாவது சங்கம் எதற்காக என்று பதிவின்போது கொடுக்கும் ஆவணம், இருக்கும். அதற்குக் கீழே பைலா. அதற்கும் கீழே ஆட்சிக்குழு தன் வசதிக்குப் போட்டுக்கொள்ளும் நடைமுறை ஆணைகள். எல்லாவற்றுக்கும் அடியில், எங்கும் எழுதப்படாமல் எல்லோரும் கடைப்பிடிக்கும் வழக்கம். மாற்றம் பெரும்பாலும் அடியிலிருந்து மேலே போகிறது. முதலில் வழக்கம் மாறும். அதற்கு யாராவது எதிர்ப்புத் தெரிவித்தால் ஆட்சிக்குழுத் தீர்மானமாகும். தீர்மானம் நிலைத்தால் பைலாவில் ஏறும். வேறு வழியே இல்லாதபோதுதான் சாசனத்தைத் தொடுவார்கள். காரணம் எளிது. வழக்கத்தை மாற்ற யாருடைய அனுமதியும் வேண்டாம். பைலாவை மாற்ற ஒரு கூட்டமும் வாக்கெடுப்பும் வேண்டும். பிரிட்டிஷ் அரச சாசனத்தைத் திருத்தவோ மன்னரின் ஆலோசனை மன்றமான பிரிவி கவுன்சில் வரை போக வேண்டும். ஆக, 'நிறுவியவர்களின் எழுத்தை மாற்ற யார் அதிகாரம் கொடுத்தது' என்றால், பெரும்பாலும் நிறுவியவர்களேதான். காலத்துக்கேற்ப விதி செய்யவும் நீக்கவும் சங்கத்துக்கு அதிகாரம் உண்டு என்ற வரி முதல் சாசனத்திலேயே இருக்கும். அந்த வரியைத்தான் யாரும் படிப்பதில்லை.

அறிவியல் சங்கமான லண்டன் ராயல் சொசைட்டியை எடுத்துக்கொள்ளலாம், ஆவணம் அதிகம் கிடைக்கும் சங்கம் அது. 1660 நவம்பர் 28 அன்று ஒரு சொற்பொழிவுக்குப் பிறகு கூடிய பன்னிரண்டு பேர் போட்டுக்கொண்ட ஏற்பாடு ஒரு பக்கத்தில் அடங்கிவிடும்: வாரம் ஒருமுறை கூடுவது, சேரும்போது பத்து ஷில்லிங், பிறகு வாரத்துக்கு ஒரு ஷில்லிங். சில நாட்களிலேயே உறுப்பினர் எண்ணிக்கையை ஐம்பத்தைந்துக்குள் நிறுத்துவது என்றும் முடிவு செய்தார்கள். அந்த வரம்பு நிற்கவில்லை. முதல் அரச சாசனம் 1662 ஜூலையில் வந்தது; அதில் கொடுத்த அதிகாரம் போதாது என்று அடுத்த ஆண்டே இரண்டாவது சாசனம் வாங்கினார்கள். 1669இல் மூன்றாவது. 'தொடக்க விதி' என்று நாம் புனிதப்படுத்தும் பொருள் ஒரு வருடம்கூடத் தாங்கவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அந்தச் சாசனப்படி ஆட்சிக்குழுவில் இருபத்தொரு பேர்; ஒவ்வொரு ஆண்டும் புனித ஆண்ட்ரூ திருநாளான நவம்பர் 30 அன்று அவர்களில் பத்துப் பேரை மாற்ற வேண்டும்; தலைவரும் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும். நடந்தது என்ன? நியூட்டன் 1703 முதல் இறக்கும்வரை, 1727 வரை, தலைவர். ஜோசப் பேங்க்ஸ் 1778 முதல் 1820 வரை நாற்பத்தொரு ஆண்டுகள் தலைவர். ஒவ்வொரு ஆண்டும் தேர்தல் முறைப்படி நடந்தது, விதி மீறப்படவே இல்லை, ஆனால் 'ஓராண்டுப் பதவி' என்று எழுதியிருந்தது ஆயுள் பதவியாக இருந்தது. பிற்காலத்தில் ஐந்து ஆண்டோடு விலகுவது என்று வழக்கம் உருவானபோது மாறியதும் அந்த வழக்கம்தான். விதிப்புத்தகத்தை மட்டும் படிக்கும் ஒருவருக்கு பேங்க்ஸின் காலமும் அவருக்குப் பின் வந்த காலமும் ஒன்றாகவே தெரியும்.

எங்கே விதி உண்மையிலேயே எழுத்தில் மாறுகிறது? என் அனுபவத்தில் முக்கால்வாசித் திருத்தங்கள் ஒரே இடத்தைச் சுற்றித்தான் வருகின்றன: யாரை உள்ளே விடுவது. ராயல் சொசைட்டியில் 1730க்குப் பிறகுதான் ஒருவரை முன்மொழிய எழுத்துச் சான்று கட்டாயமானது. மூன்று உறுப்பினர்கள் கையெழுத்திட்ட தாளைக் கூட்ட அறையில் தொங்கவிடுவார்கள். வருபவர்கள் படித்துப் பார்ப்பார்கள். குறிப்பிட்ட கூட்டங்கள் கழிந்தபின் வாக்கெடுப்பு. கேட்க ஒழுங்காக இருக்கிறது. ஆனால் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்ற உச்சவரம்பு கிடையாது. அதனால் பணமும் பழக்கமும் உள்ள கனவான்கள் தொடர்ந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். அறிவியல் செய்பவர்கள் சிறுபான்மையானார்கள். 1830இல் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் இதைப் பகிரங்கமாகவே கிழித்து எழுதினார். பதினேழு ஆண்டுகள் கழித்து, 1847இல், விதி மாறியது: ஆண்டுக்குப் பதினைந்து பேர் மட்டுமே, அதுவும் ஆண்டுக்கு ஒரே நாளில், ஆட்சிக்குழு முன்கூட்டியே சலித்துத் தரும் பட்டியலிலிருந்து. முன்மொழிவுச் சான்றுக்கு ஆறு கையெழுத்து. அவற்றில் மூன்று நேரடியாகத் தெரிந்தவர்களுடையதாக இருக்க வேண்டும்.

இந்தத் திருத்தத்தின் அழகு, அது யாரையும் வெளியேற்றவில்லை. உறுப்பினர் பதவி ஆயுளுக்கும் என்பதால் பழையவர்கள் அப்படியே இருந்தார்கள். பெருக்கெடுத்து வந்த வாய்க்காலை மட்டும் சிறிதாக்கினார்கள். எழுநூறுக்கு மேல் இருந்த எண்ணிக்கை நூற்றாண்டு முடிவதற்குள் ஐந்நூறுக்குக் கீழே வந்தது. அறிவியல் ஆய்வாளர்கள் பெரும்பான்மையானது 1860ஐ ஒட்டித்தான். அதாவது வாக்கெடுப்பு நடந்தது 1847இல், விளைவு தெரிந்தது ஏறக்குறைய பதின்மூன்று ஆண்டுகள் கழித்து. விதி மாற்றத்தின் தேதியையும் அது சங்கத்தை மாற்றிய தேதியையும் குழப்பிக்கொள்வது பழைய சங்க வரலாறுகளில் நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு. இப்போது இருப்பவர்களின் உரிமையைத் தொடாமல் இனி வருபவர்களுக்கு மட்டும் புதிய விதி என்பது அன்றும் இன்றும் திருத்தத்தை நிறைவேற்ற எளிதான வழி. வாக்களிக்கப்போகிறவர்கள் இப்போது இருப்பவர்கள்தானே.

பாரிஸில் கதை வேறு. அங்கே அறிவியல் கழகம் 1666இல் எழுதப்பட்ட விதி என்று பெரிதாக எதுவும் இல்லாமல் தொடங்கியது. மன்னரின் பணத்தில் நடந்த நிறுவனம், மன்னரின் அமைச்சர் சொல்வதே விதி. 1699 ஜனவரியில் மன்னர் ஐம்பது பிரிவுகள் கொண்ட ஒழுங்குமுறையை மேலிருந்து இறக்கினார். மதிப்புறு உறுப்பினர் பத்து, உதவித்தொகை பெறுவோர் இருபது, இணையர் இருபது, மாணாக்கர் இருபது என்று எழுபது இடங்கள். ஒவ்வொருவரும் வரும் ஆண்டில் என்ன ஆய்வு செய்யப்போகிறார் என்பதை எழுதிக்கொடுக்க வேண்டும் என்றுகூட அதில் உண்டு. 'மாணாக்கர்' பிரிவில் அமோன்தோன் போன்ற தேர்ந்த ஆய்வாளர்களும் இருந்தார்கள். அந்தப் பெயரே கௌரவக் குறைவாகப் பட்டது. 1716இல் பிரிவையே எடுத்துவிட்டுத் துணை உறுப்பினர் என்ற புதிய நிலையை வைத்தார்கள். மேலிருந்து வரும் விதிக்கு இந்த வேகம் உண்டு. 1793இல் புரட்சி அரசு ஒரே ஆணையில் கழகத்தையே கலைத்ததும், 1795இல் தேசிய நிறுவனத்தின் ஒரு பகுதியாக அது மறுபடி எழுந்ததும் அதே வேகத்தின் மறுபக்கம். தானாகவே விதி செய்துகொள்ளும் சங்கம் ஆமை வேகத்தில் மாறும். ஆனால் ஒரே இரவில் காணாமல் போவது அரிது.

எழுதப்பட்ட விதியைவிட எனக்குச் சுவாரசியமானது விதியின் மௌனம். பெரும்பாலான பழைய சாசனங்களில் பெண்கள் சேரக்கூடாது என்று ஒரு வரிகூடக் கிடையாது. எழுதவேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. பிறகு யாராவது ஒரு பெண்ணின் பெயரை முன்மொழியும்போது அந்த மௌனத்துக்குப் பொருள் சொல்லவேண்டி வந்தது. ராயல் வானியல் சங்கத்தில் 1831ஆம் ஆண்டுச் சாசனம் உறுப்பினரை ஆண்பாலில் குறிப்பிடுகிறது என்பதே தடையாக வாசிக்கப்பட்டது. 1835இல் கரோலின் ஹெர்ஷலையும் மேரி சாமர்வில்லையும் கௌரவ உறுப்பினராக்க முடிந்தது, முழு உறுப்பினராக ஒரு பெண் சேர 1915இன் துணைச் சாசனம் தேவைப்பட்டது. ராயல் சொசைட்டியில் 1902இல் பொறியியலாளர் ஹெர்தா அயர்ட்டன் முன்மொழியப்பட்டபோது வழக்கறிஞர்களின் கருத்தைக் கேட்டார்கள். மணமான பெண்ணுக்குச் சட்டத்தின் முன் தனி இருப்பு இல்லை, ஆகவே சாசனப்படி அவரைத் தேர்ந்தெடுக்க முடியாது என்று பதில் வந்தது. இரண்டு ஆண்டு கழித்து அதே சங்கத்தில் அவரே தன் கட்டுரையை வாசித்தார். 1906இல் அதே சங்கம் ஹியூஸ் பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. பரிசு கொடுக்கலாம், இடம் கொடுக்க முடியாது. 1919இல் நாடாளுமன்றம் பால் அடிப்படையிலான தகுதியின்மையை நீக்கிச் சட்டம் போட்ட பிறகு அந்த வழக்கறிஞர் கருத்துக்கு அடிப்படையே இல்லாமல் போயிற்று. ஆனால் முதல் பெண் உறுப்பினர்களாகக் கேத்லீன் லான்ஸ்டேலும் மார்ஜரி ஸ்டீஃபன்சனும் தேர்ந்தெடுக்கப்பட்டது 1945இல். இடைப்பட்ட கால் நூற்றாண்டைத் தடுத்தது விதி இல்லை, முன்மொழிவு வராததுதான்.

ராயல் புவியியல் சங்கத்தில் நடந்ததை, திருத்தம் செய்ய நினைக்கும் ஒவ்வொரு குழுவும் ஒருமுறை படிக்க வேண்டும். 1892இல் ஆட்சிக்குழு, விதியில் தடை இல்லை என்ற துணிச்சலில், பெண்களைச் சேர்க்கத் தொடங்கியது. இசபெல்லா பேர்ட் உட்பட இருபத்திரண்டு பேர் உறுப்பினரானார்கள். மறு ஆண்டு பொதுக்கூட்டத்தில் எதிர்ப்பு வெடித்தது. இது ஆட்சிக்குழு மட்டும் முடிவெடுக்கும் விஷயமா, எங்களைக் கேட்டீர்களா என்று. கூட்டம் சேர்க்கையை நிறுத்தியது. ஆனால் ஏற்கெனவே சேர்ந்த இருபத்திரண்டு பேரையும் நீக்கவில்லை. அதன் பலன், இருபது ஆண்டுகள் அந்தச் சங்கத்தில் பெண்கள் உறுப்பினராக இருந்தார்கள், பெண்கள் உறுப்பினராகவும் முடியாது. 1913இல் கதவு மறுபடி திறந்தபோது தலைவராக இருந்து அதை முடித்துவைத்தவர் கர்சன் பிரபு. 1893இல் கடுமையாக எதிர்த்தவர்களில் முக்கியமானவரும் அவரே. அவர் மனம் மாறிய காரணத்தைப் பலர் பலவிதமாகச் சொல்வார்கள். நான் அதில் இறங்கவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு: 1893இல் சண்டை பெண்களைப் பற்றி நடந்த அளவுக்கு, யாருக்கு அதிகாரம் என்பதைப் பற்றியும் நடந்தது. நல்ல திருத்தத்தைத் தவறான வாசல் வழியாகக் கொண்டுவந்தால், திருத்தத்தை வெறுப்பவர்களுக்கு வாசலைப் பற்றிப் பேசும் வசதி கிடைத்துவிடும்.

லின்னேயன் சங்கம் நேர்வழியில் போனது. 1802ஆம் ஆண்டுச் சாசனத்தோடு மல்லுக்கு நிற்காமல் 1904இல் துணைச் சாசனமே வாங்கிவிட்டார்கள். பல ஆண்டுகள் மனு மேல் மனு போட்டு இதை நகர்த்தியவர் மரியன் ஃபர்கர்சன் என்ற தாவரவியலாளர். அந்த ஆண்டின் இறுதியில் முதல் தொகுதிப் பெண்களுக்கு வாக்கெடுப்பு நடந்தது. பதினாறு பேரில் பதினைந்து பேர் தேர்வானார்கள். விடுபட்ட ஒருவர் ஃபர்கர்சன். இரகசிய வாக்கு, யாரும் காரணம் சொல்லத் தேவையில்லை. 1908இல் தேர்ந்தெடுக்கப்பட்டார், ஆனால் உறுப்பினர் ஆவதற்கு நேரில் வந்து பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும் என்பது அங்குள்ள முறை, உடல்நிலை இடம்கொடுக்கவில்லை. இங்கே மூன்று அடுக்குகளும் தனித்தனியாகத் தெரிகின்றன: சாசனம் மாறிவிட்டது, வாக்களிக்கும் முறை பழைய கணக்குகளைத் தீர்க்க இடம்கொடுத்தது, கையெழுத்து வழக்கம் கடைசியில் குறுக்கே நின்றது. ஒரு விதியைத் திருத்தியதோடு வேலை முடிந்தது என்று நினைப்பவர்களுக்கு நான் இந்த நிகழ்வைத்தான் சொல்வேன்.

கல்கத்தாவின் ஆசியவியல் சங்கம் எதிர்த்திசையிலிருந்து ஒரு பாடம். 1784 ஜனவரி 15 அன்று முப்பது ஐரோப்பியர்கள் கூடியபோது வில்லியம் ஜோன்ஸ், தொடக்கத்தில் விதிகள் மிகக் குறைவாக இருக்கட்டும் என்ற நிலையை எடுத்தார். கேள்விகளை மூன்றில் இரண்டு பங்கு வாக்கில் முடிவு செய்வது, அதற்கு ஒன்பது பேராவது இருப்பது என்ற அளவில் நின்றுகொண்டார். நம் கண்ணுக்கு முக்கியமான விஷயம், இந்நாட்டு அறிஞர்களை உறுப்பினராக்குவதா என்ற கேள்வியை அவரே எழுப்பி, அதைப் பின்னால் நீங்களே முடிவு செய்துகொள்ளலாம் என்று திறந்து விட்டதுதான். பின்னால் என்பது நாற்பத்தைந்து ஆண்டுகளாயிற்று. 1829இல், எச். எச். வில்சன் செயலாளராக இருந்த காலத்தில், துவாரகாநாத் தாகூர், பிரசன்ன குமார் தாகூர், ராம்கமல் சென் ஆகியோர் உள்ளே வந்தார்கள். முதல் இந்தியத் தலைவராக ராஜேந்திரலால் மித்ரா வந்தது 1885இல். சங்கத்தின் பெயர் 1936இல் 'ராயல்' என்ற அடைமொழி பெற்று, 1951இல் அதை உதிர்த்தது. பிறகு 1984இல் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றித் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமாக அறிவித்தது. ஒன்பது பேர் கூடி முடிவெடுத்த இடத்தில் நாட்டின் சட்டம் வந்து உட்கார்ந்தது. விதி குறைவாக இருந்தால் சங்கம் நெகிழ்வாக இருக்கும் என்பார்கள், ஓரளவு சரிதான். ஆனால் விதி இல்லாத இடம் காலியாக இருப்பதில்லை, அன்றைய வழக்கம் வந்து நிரப்பிக்கொள்கிறது, வழக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்ய முடியாது. எழுதப்பட்ட தடை ஒன்று இருந்திருந்தால் அதை நீக்கும்படி யாராவது கேட்டிருக்கலாம்.

பணத்தைப் பற்றிக் கொஞ்சம். பழைய விதிப்புத்தகங்களில் சந்தாப் பிரிவைத்தான் எல்லோரும் தாண்டிப் போவார்கள்; நான் முதலில் திறப்பது அதைத்தான். பல சங்கங்கள் ஒரே தடவையில் ஒரு பெருந்தொகை கட்டினால் ஆயுளுக்கும் சந்தா இல்லை என்ற ஏற்பாட்டை வைத்திருந்தன. கட்டடம் வாங்கவோ கடனை அடைக்கவோ உடனே காசு வேண்டும் என்ற நெருக்கடியில் பிறந்த விதி அது. அந்தக் காசை முதலீடு செய்யாமல் செலவழித்துவிட்டால், முப்பது ஆண்டு கழித்து விலைவாசி ஏறிய பிறகு, இதழ் அச்சடித்து அனுப்பும் செலவு மட்டும் நிற்கும், வரவு நிற்காது. அப்போது என்ன செய்யலாம்? ஏற்கெனவே கட்டியவர்களிடம் மறுபடி கேட்க முடியாது. கேட்டால் ஒப்பந்த மீறல். புதிதாக ஆயுள் உறுப்பினர் சேர்ப்பதை நிறுத்தலாம், இதழைத் தனிக் கட்டணமாக்கலாம், புதிய உறுப்பினர் வகை ஒன்றைக் கண்டுபிடிக்கலாம். ஒரு விதிப்புத்தகத்தில் உறுப்பினர் வகைகள் திடீரென்று நான்கு, ஐந்து என்று பெருகியிருந்தால், அறிவுலகக் காரணம் தேடுவதற்கு முன் அந்த ஆண்டுகளின் வரவுசெலவுக் கணக்கைப் பாருங்கள்.

திருத்துவதற்கான விதி எவ்வளவு கடினமாக இருக்கவேண்டும் என்பதும் நீங்கள் கேட்டதில் அடங்கும். இந்தியாவின் 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டம் இதில் ஒரு நல்ல மாதிரி. சங்கத்தின் நோக்கத்தை மாற்றவோ வேறு சங்கத்தோடு இணைக்கவோ வேண்டுமென்றால், எழுத்துமூலமான முன்மொழிவு, பத்து நாள் முன்னறிவிப்போடு சிறப்புக் கூட்டம், ஐந்தில் மூன்று பங்கு வாக்கு, பிறகு ஒரு மாத இடைவெளியில் இன்னொரு கூட்டத்தில் மறுபடி ஐந்தில் மூன்று பங்கு. அந்த ஒரு மாதம் சும்மா வைத்ததில்லை. முதல் கூட்டத்துக்கு வராதவர்கள் விழித்துக்கொள்ளத்தான். தரமான ஏற்பாடு. ஆனால் நோக்கத்துக்குப் பொருந்தும் இந்தக் கடுமையை நாற்காலி எத்தனை, கூட்டம் எந்த மாதம் என்பதற்கெல்லாம் விரித்துக்கொண்ட சங்கங்களை நான் பார்த்திருக்கிறேன். அங்கே ஒரே விளைவுதான்: பைலாவை யாரும் தொடுவதில்லை, எல்லாம் ஆட்சிக்குழுத் தீர்மானமாகவும் 'இப்படித்தான் வழக்கம்' என்பதாகவும் கீழே இறங்கிவிடும். 2020இல் நேரில் கூட முடியாமல் போனபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. குறைவெண்ணுக்கு, அதாவது கூட்டம் செல்லுபடியாகத் தேவையான குறைந்தபட்ச வருகைக்கு, உறுப்பினர்கள் 'நேரில்' இருக்கவேண்டும் என்று எழுதிவைத்திருந்த சங்கங்கள், அந்தச் சொல்லை மாற்றவே நேரில் கூடவேண்டிய சங்கடத்தில் மாட்டிக்கொண்டன. சில நாடுகளில் அரசே தற்காலிகச் சட்டம் போட்டு விடுவித்தது.

இனி, கையில் இரண்டு பிரதிகளோடு உட்கார்ந்திருக்கும் உங்களுக்கு நடைமுறையாகச் சில விஷயங்கள். அச்சிட்ட விதிப்புத்தகத்தின் அட்டையிலுள்ள ஆண்டை நம்பாதீர்கள். அது அச்சான ஆண்டு. உள்ளே இருக்கும் விதி இருபது ஆண்டு முந்தையதாகவும் இருக்கலாம், அச்சான மறுவாரமே திருத்தப்பட்டும் இருக்கலாம். திருத்தம் நிறைவேறிய நாள், அது நடைமுறைக்கு வந்த நாள், மேலதிகாரி ஒப்புதல் கொடுத்த நாள் மூன்றும் வேறு வேறு. பொதுக்குழுக் குறிப்பேட்டையும் ஆட்சிக்குழுக் குறிப்பேட்டையும் சேர்த்துப் படியுங்கள். பிரிவு எண்களையும் நம்ப வேண்டாம்: நடுவில் ஒரு பிரிவை நீக்கினால் அடுத்தவை எல்லாம் ஓர் எண் கீழே இறங்கும், பழைய தீர்மானம் சுட்டும் 14ஆம் பிரிவு இன்றைய 13. பழைய பிரதி ஒன்று கிடைத்தால் அதன் ஓரங்களைப் பாருங்கள். செயலாளர்கள் தங்கள் கைப்பிரதியில் மையால் அடித்து, பக்கத்தில் தேதி போட்டு, சில சமயம் திருத்தத் தாளை வெட்டி அந்தப் பிரிவின் மேலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். சுத்தமான நூலகப் பிரதியைவிட அப்படி அழுக்கான பிரதியே எனக்குப் பயன்பட்டிருக்கிறது. ஒரு பிரிவு சுற்றியுள்ளவற்றைவிட அளவுக்கு மீறி நுணுக்கமாக இருந்தால், அதாவது வாக்குச்சீட்டு எந்த நிறம், பெட்டிச் சாவி யாரிடம் என்ற அளவுக்குப் போனால், அந்தப் பிரிவு சேர்க்கப்பட்ட ஆண்டுக்கு முந்தைய தேர்தலில் ஏதோ நடந்திருக்கும். குறிப்பேட்டில் தேடுங்கள், பெரும்பாலும் கிடைக்கும்.

எவ்வளவு உறுதி என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலே கொடுத்த தேதிகளும் வரம்புகளும் ஆவணத்தில் இருப்பவை. 'முக்கால்வாசித் திருத்தங்கள் சேர்க்கையைச் சுற்றி' என்பது நான் படித்த குறிப்பேடுகளைக் கொண்டு சொல்வது, எண்ணிப் பார்த்த கணக்கு இல்லை. திருத்தம் கடினமானால் அதிகாரம் வழக்கத்துக்கு இறங்கும் என்பதும் அப்படியே. நான் பார்த்தவற்றில் பொருந்துகிறது, விதிவிலக்குகள் இருக்கும். எல்லாவற்றையும்விடச் சந்தேகமானது 'ஏன் மாற்றினார்கள்' என்பது. குறிப்பேடு என்ன முடிவு என்று சொல்லும், காரணத்தைச் சொல்லாது. சொன்னாலும் அது கூட்டத்துக்குப் பிறகு செயலாளர் நாகரிகமாக எழுதியது. 'நீண்ட விவாதத்துக்குப் பின் ஏற்றுக்கொள்ளப்பட்டது' என்ற வரிக்குப் பின்னால் எந்த அளவுக்குக் கத்தல் இருந்தது என்பதைத் தனிக் கடிதங்களில்தான் தேடவேண்டும், அவை ஒரு பக்கத்துக்காரருடையதாகவே இருக்கும்.

கடைசியாக, இரண்டு பிரதிகளும் முரண்படும் இடத்தில் எது செல்லும் என்ற உங்கள் கேள்விக்கு. மேலடுக்கு செல்லும், சாசனத்தோடு மோதும் பைலா அந்த அளவுக்குச் செல்லாது. ஒரே அடுக்கில் இரண்டு முரண்பட்டால் முறைப்படி நிறைவேறிய பிந்தையது. வழக்கம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் தெளிவாக எழுதப்பட்ட பைலாவை வெல்லாது என்பது பொதுவான நிலை. பைலா மௌனமாகவோ இரட்டைப் பொருளிலோ இருக்கும்போது வழக்கம் கணக்கில் வரும். இதில் நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும். உங்கள் சங்கத்தில் இது தேர்தல் தகராறாக வளர்ந்திருக்கிறது என்றால், பொதுக்குழுக் குறிப்பேட்டின் சான்றிட்ட நகலும் பதிவு அலுவலகத்தில் கடைசியாகத் தாக்கல் செய்த பைலாவின் நகலும் எடுத்துக்கொண்டு ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். நூலகத்தில் இருக்கும் அச்சுப் பிரதி அங்கே எடுபடாது.